முகப்பில் முதல் புத்தகம்

மின்னூல் படிக்கும் ரீடரைத் தட்டி எழுப்பினால் முதலில் வருவது முகப்புத் திரை. கடைசியாக எந்தப் புத்தகத்தைத் திறந்தோமோ, அது அங்கே முதலாவதாக நிற்கும். இவ்வளவு சின்ன விஷயத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எங்கள் மூன்று பேரிடம் ஒரு மாதமாக ஒரு செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். தன் கண்பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்தச் செய்தி. அவர் எங்கள் வேன் ஓட்டுநர். தினமும் இரண்டு வேளை எங்கள் ஏழு பேரின் உயிரும் அவர் கையில் இருந்தது. நன்றாகப் படித்தவர்கள், நிறையப் படிப்பவர்கள் என்று எங்களுக்குப் பெயர். ஆனாலும் எங்களுக்குப் புரியவில்லை. புரியாமல் போனதில் பெரிய பங்கு என்னுடையது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லவிதமாக மட்டும் எழுதினால் அது ஏமாற்று வேலை.

செங்கல்பட்டில் காலை ஏழு பத்துக்கு வேன் கிளம்பும். திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்கு ஒரு மணி நேரம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் அலுவலகத்தில் காவல் கெடுபிடி அதிகம். எந்த மின்னணுச் சாமானையும் உள்ளே கொண்டுபோக முடியாது. செல்பேசிக்கு வாசலிலேயே பெட்டி உண்டு. ரீடரை எந்த இனத்தில் சேர்ப்பது என்று வாசல் காவலர்களுக்குத் தெரியவில்லை. செல்பேசி இல்லை, கணினி இல்லை, அதனால் பெட்டியில் இடமும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே எங்களில் ரீடர் வைத்திருந்த நான்கு பேரும் அதை வேனிலேயே விட்டுவிட்டுப் போவோம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் துண்டு விரித்த ஒரு பிளாஸ்டிக் கூடை. அதுதான் எங்கள் நான்கு நூலகங்களும் பகல் முழுக்க இருந்த இடம்.

மற்ற வேன் ஓட்டுநர்கள் புங்க மரத்தடியில் சீட்டாடுவார்கள், அல்லது சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவார்கள். எங்களவருக்கு இரண்டும் வராது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே, சார், இதைத் தொட்டா ஒடஞ்சிடுமா என்று கேட்டார். உடையாது என்றார் சார். அன்றிலிருந்து ஒன்பது மணி நேரம் அவர் படிப்பார். ஐம்பது வயது இருக்கும், பத்தாவது வரை படித்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும், அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

சார் என்றால் கணக்குப் பிரிவில் ஓய்வுபெறும் நிலையில் இருந்தவர், கும்பகோணத்துக்காரர். புத்தகம் வாங்கும் கணக்கு அவர் பெயரில் இருந்தது. அவர், நான், எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு சின்னப் பெண், மூன்று பேரும் அந்த ஒரே கணக்கைத்தான் பயன்படுத்தினோம். ஒருவர் எடுத்த புத்தகம் மூவருடைய நூலகத்திலும் தெரியும். நான்காவது ரீடர் வேறு கம்பெனி, வேறு கணக்கு. அதன் சொந்தக்காரர் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார்.

நான்கு ரீடரும் நான்கு விதம். கையில் பகல் முழுக்க இருந்ததால் அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதே எங்களவருக்கு ஒரு வேலையாகிவிட்டது. சாருடையது பழையது, ஓரத்தில் பொத்தான் வைத்தது. திறந்தால் புத்தகப் பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக வரும், வேறு எதுவும் வராது. அதுதான் யோக்கியமான முகப்பு என்பார். சின்னப் பெண்ணுடையது புத்தம் புதுசு. அதைத் திறந்தால் முக்கால்வாசித் திரையில் கம்பெனி விற்க நினைக்கும் புத்தகங்கள் இருக்கும், நம்முடையவை அடியில் ஒரு வரியாக ஒண்டிக்கொண்டிருக்கும். "நம்ம வூட்டுக்குள்ள நொழைஞ்சா எவனோ கடை போட்டுகினு ஒக்காந்துனுகீறான்மா" என்று அதைத் திட்டுவார். அந்த வேறு கம்பெனி ரீடர், இப்போது படிக்கும் புத்தகத்தைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் காட்டும். அதுவும் பரவாயில்லை என்று மதிப்பெண் போடுவார். என்னுடையதில் முகப்பைவிட நூலகப் பக்கம்தான் அவருக்குப் பிடிக்கும். ஆனால் நான் அட்டைப்படங்களாக, வரிசைக்கு மூன்றாக வைத்திருப்பேன். அதை அவர் பட்டியலாக மாற்றிவிடுவார், எழுத்தையும் பெரிதாக்கிவிடுவார். மாலை நான் திரும்ப மாற்றுவேன். இது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே நடந்தது. அட்டை அட்டையாக வைத்தால் ஓரத்தில் இருப்பது தப்பிவிடுகிறது என்பது அவர் கட்சி. எனக்கு ஒன்றும் தப்பவில்லையே அண்ணா என்று கேலி செய்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அசைந்து கொடுக்கமாட்டார். பகல் முழுக்க யாருடைய ரீடரில் எதைப் படித்தாலும், மாலை ஐந்தரைக்கு நாங்கள் வரும்போது அவரவர் புத்தகம் அவரவர் முகப்பில் முதலாவதாக, அவரவர் விட்ட பக்கத்திலேயே நிற்கும். கிளம்புவதற்கு முன் நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்து வைப்பார். "உங்க பக்கத்துலயே வெச்சிகீறேன்" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார். அவர் கையை விட்டு வரும் முகப்பில் தவறு இருக்காது. இதை நான் அப்போதே நன்றாக யோசித்திருக்க வேண்டும்.

முகப்பை ஒழுங்கு செய்கிறவர் அதில் இருப்பதைப் பார்க்காமல் இருப்பாரா? பார்த்தார். பார்த்ததை வைத்து நடந்தும் கொண்டார். ஒருநாள் திடீரென்று வேகத்தடைகளில் வேன் ஊர்ந்து போக ஆரம்பித்தது. என்னப்பா, மாட்டு வண்டியா இது என்று சார் சலித்துக்கொண்டார். ஒன்றரை மாதம் கழித்துத்தான் சின்னப் பெண் இனிப்புக் கொண்டுவந்து எங்களிடம் விஷயத்தைச் சொன்னாள். கர்ப்பகால உணவு பற்றி அவள் எடுத்த புத்தகத்தை அவர் என்றைக்கோ பார்த்திருக்கிறார். அதே புத்தகம் என் நூலகத்திலும் சாருடைய நூலகத்திலும் இருந்தது. நாங்கள் பார்க்கவில்லை.

எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. நான் கரூர்க்காரி. அப்பாவுக்கு அங்கே மூச்சுத்திணறல் முற்றி, போவதா வேண்டாமா என்று வீட்டில் தினமும் சண்டை நடந்த காலம். அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு மாலை எல்லாரும் வருவதற்கு முன் நான் மட்டும் வேனுக்கு வந்துவிட்டேன். ரீடரைக் கொடுத்தவர் கையை எடுக்கவில்லை.

"இன்னாமா, நீ படிக்கற புக்கு மூணு வாரமா நாப்பத்தி ரெண்டு பர்சன்ட்லயே நிக்குது. வூட்ல எதுனா பேஜாரா?"

நான் அழுதுவிட்டேன். அவர் மரத்தடிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு ராத்திரியே ஊருக்குப் போ என்று மட்டும் சொன்னார். போனேன். அப்பா என்னிடம் இரண்டு நாள் பேசினார், அதற்கப்புறம் பேச்சு நின்றுபோனது. அந்த இரண்டு நாளை எனக்குக் கொடுத்தது அந்தக் கேள்விதான்.

அவர் கண்ணைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அடையாளங்கள் வேறு எத்தனையோ இருந்தன. பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்க அவர் கழுத்தையே முழுசாகத் திருப்புவார். என்ன நிதானம் பார் என்று சார் மெச்சிக்கொள்வார். இடதுபக்கக் கண்ணாடி இரண்டு முறை உடைந்தது. வண்டிக்கு இடது கன்னத்தில் யாரோ அறைந்துகொண்டே இருக்கிறார்கள் என்று நான் சொன்ன ஜோக்குக்கு எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பக்கத்தில் நின்று நீட்டினால் டீ தம்ளரை வாங்கமாட்டார். எதிரே போய் நின்று கொடுத்தால் வாங்குவார். கர்வம் என்று நினைத்தேன்.

அந்தப் புத்தகம் வந்தது ஒரு ஆடி மாதத்தில். மாலை ரீடரைத் திறந்தால் என் நாவல் முதலில் இல்லை. அதன் இடத்தில் கண் அழுத்த நோய் பற்றி ஒரு மருத்துவர் தமிழில் எழுதிய சின்னப் புத்தகம், அட்டை நிறைய ஒரு கண். எங்கள் கணக்கின் மாதச் சந்தாவில் இலவசமாக வருவது. சார் அப்போதுதான் கண்புரை அறுவை செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு வந்துகொண்டிருந்தார். ஐயோ பாவம், சாருக்கு வேறு ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். இது எப்படி என் முகப்பில் முதலில் வந்தது என்று ஒரு நொடி தோன்றியது. கணக்கு ஒன்றுதானே, ஏதோ குழறுபடி என்று அதையும் தள்ளிவிட்டேன். நாகரிகம் தெரிந்தவள் இல்லையா நான்? அடுத்தவர் நோயை உற்றுப் பார்க்கலாமா?

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. என் வேலை ஆவணப் பிரிவில். எதையும் அதனதன் இடத்தில் போட்டு மூடாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். ரீடரில் புத்தகங்களைப் பைபோல் ஒன்றாகக் கட்டி வைக்க ஒரு வசதி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாவல், சமையல், பயணம் என்று பைகள் போட்டேன். கடைசியில் ‘இதர’ என்று ஒரு பை போட்டு அந்தக் கண் புத்தகத்தை அதற்குள் தள்ளினேன். பைகள் மட்டும் தெரிந்தால் போதும், உள்ளே இருப்பவை வெளியே தெரிய வேண்டாம் என்று என்னுடையதில் மாற்றி, திங்கட்கிழமை வேனில் மற்ற இருவருடையதையும் வாங்கி அப்படியே மாற்றினேன். பெருமையாக அறிவிக்கவும் செய்தேன். லைப்ரரியைச் சுத்தம் செய்துவிட்டேன், இனிமேல் கண்ணுக்கு லட்சணமாக இருக்கும் என்றேன். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்தக் கண் புக்கை எங்கே வைத்தாய் என்று கேட்டார். இதரவுக்குள் என்றேன். சரிம்மா என்றார்.

அந்த வாரமே அது வெளியே வந்துவிட்டது. என் முகப்பிலும், சாருடையதிலும், சின்னப் பெண்ணுடையதிலும் மறுபடி முதலில் நின்றது. நான் மறுபடி உள்ளே போட்டேன். பத்து நாளில் மறுபடி வெளியே. மூன்றாம் முறை எனக்குக் கோபமே வந்துவிட்டது. யாரோ விவரம் கெட்டவர்கள் சாரின் மானத்தை வாங்குகிறார்கள் என்று எனக்கு நினைப்பு. மாலை மற்றவர்கள் வருவதற்கு முன் வேனுக்குப் போனேன். எனக்காக அவர் கேள்வி கேட்டாரே, அதே இடம், அதே நேரம்.

"அண்ணா, யாரோ இந்தப் புத்தகத்தை வெளிய எடுத்துட்டே இருக்காங்க. சாருக்குச் சங்கடமா இருக்கும். நீங்க பாத்தா உள்ள வச்சிருங்க."

அவர் என் முகத்துக்கு நேராக வந்து நின்றார். எதையோ சொல்லப் போகிறவர்போல் வாய் திறந்தது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

"சார் புக்காமா அது?"

"பின்ன யாருது?"

கூடையிலிருந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி மடித்து விரித்தார். "சரிம்மா, வெச்சுடறேன்" என்றார். அதற்கப்புறம் அந்தப் புத்தகம் வெளியே வரவே இல்லை. என் பேச்சுக்கு மரியாதை இருக்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி.

அதற்கு ஐந்து மாதம் கழித்து, தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால், ஏரிக்கரையிலிருந்து ஒரு மண்பாதை இடதுபக்கமாகத் தார்ச்சாலையில் ஏறும். அதிலிருந்து பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம், அவர் பார்ப்பார் என்று உட்கார்ந்திருந்தோம். முன்சீட்டில் இருந்த சின்னப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். வேன் குலுங்கி நின்றது. சைக்கிளின் முன்சக்கரம் பம்பரில் உரசி நின்றது. அந்தப் பெண் விழவில்லை. ஒரு காலை ஊன்றி நின்று, வெளிறிப்போன முகத்தோடு ஓட்டுநர் பக்கம் வந்தாள்.

"கண்ணு தெர்ல உனுக்கு?"

"தெர்லம்மா" என்றார் அவர்.

அந்தப் பெண் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் வண்டியை மெதுவாக ஓரம் கட்டினார். இறங்கிச் சுற்றி வந்து, சாவியைச் சாரின் கையில் வைத்தார். "இனிமே என்னால ஆவாது சார். ரெண்டு பக்கமும் ஒண்ணுமே தெர்ல, நேரா மட்டுந்தான் தெரியுது" என்றார். அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். எத்தனையோ நல்ல வார்த்தைகள் இருந்தும் என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

"அப்ப ஆபீசுக்கு எப்படிப் போறது?"

திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது மூன்று பேரும் ஒரே சீட்டில் இருந்தோம். சார்தான் ஆரம்பித்தார். உங்கம்மாவுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, அந்தப் புத்தகம் அவருக்காக நீ எடுத்தது என்று நினைத்தேன், கேட்டால் வருத்தப்படுவாய் என்று விட்டுவிட்டேன் என்றார் என்னிடம். சின்னப் பெண், சாருடையது என்று நினைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான். எங்கள் மூன்று பேர் ரீடரையும் தினமும் கடைசியாகத் தொட்டது யார் என்று மூவரும் ஒரே நேரத்தில் நினைத்திருப்போம். எனக்கு என்னை நினைத்து அருவருப்பாக இருந்தது.

சார் அவரைச் சென்னையில் பெரிய கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார்களாம். ஏழெட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றார்களாம்.

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி உள்ளே அவர் வீடு. ஒரு ஞாயிறு மத்தியானம் என் ரீடரை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். அவர் மனைவி நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவரே விவரம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ இலவசக் கண் முகாமில்தான் முதலில் சொன்னார்களாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று. போனால் லைசென்ஸ் போய்விடும், மகள் நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. பயந்துகொண்டு போகவில்லை. பிறகு எங்கள் சந்தாவில் அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்துப் படித்திருக்கிறார். படித்தபின் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொன்னா வண்டில ஏறுவீங்களாமா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "நானா சொல்ல வாய் வர்ல. யார்னா கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். அதான் எல்லாருதுலயும் மொதல்ல வெச்சேன். நான் தெனம் உங்க முகப்பெல்லாம் பாத்துகினு இருந்தேனா, நீங்களும் பாப்பீங்கன்னு நெனச்சுட்டேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அது எதற்கு உதவும்? ரீடரை நீட்டினேன். முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்து நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கத்துக்கு நாலு வார்த்தைதான் வருகிறது, வேண்டாம்மா, நீ படி என்றார்.

செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து திறந்தேன். நான் படித்துக்கொண்டிருந்த நாவல் முகப்பில் முதலாவதாக, நான் விட்ட பக்கத்திலேயே நின்றது. நூலகம் நான் விரும்புகிறபடி அட்டை அட்டையாக, வரிசைக்கு மூன்றாக மாறியிருந்தது. கண் புத்தகத்தைத் தேடினேன். நான் சொல்லியிருந்தபடி இதரவுக்குள்ளேயே இருந்தது.

வெளியே எடுத்து அதை முதலில் வைத்தேன். இன்றுவரை அதுதான் முதலில் நிற்கிறது. எந்தப் புத்தகத்தைப் படித்தாலும், மூடுவதற்கு முன் அதை ஒருமுறை திறந்து மூடிவிடுகிறேன். இப்போது அலுவலகமே ஏற்பாடு செய்த பஸ்ஸில் போய்வருகிறோம். புதிய விதிப்படி ரீடருக்கும் வாசலில் பெட்டி வந்துவிட்டது. என் முகப்பை யாரும் பார்ப்பதில்லை.